விமானத்துக்கு எரிபொருள் நிரப்புவது எப்படி? காலை ஜாடியில் தொடங்கி கடைசிக் கையெழுத்து வரை

விமானத்தில் வலது இறக்கைக்குப் பக்கத்து ஜன்னலில் உட்கார்ந்திருந்தால் பார்த்திருப்பீர்கள். கிளம்புவதற்கு அரை மணி நேரம் முன்பு ஒரு வண்டி வந்து இறக்கைக்கு அடியில் நிற்கும். ஒருவர் இறங்குவார், ஒரு கம்பியை மாட்டுவார், தடித்த ஹோஸைத் தூக்கி இறக்கையில் பூட்டுவார். அப்புறம் கையில் ஒரு பொத்தானைப் பிடித்துக்கொண்டு சும்மா நிற்பார். பத்துப் பதினைந்து நிமிடத்தில் எல்லாவற்றையும் சுருட்டிக்கொண்டு போய்விடுவார். பார்க்கிறவர்களுக்குப் பெட்ரோல் பங்க் வேலை மாதிரிதான் தெரியும்.

பல வருடம் அந்தப் பொத்தானைப் பிடித்துக்கொண்டு நின்றவன் நான். புதிதாகச் சேரும் பையன்களுக்குச் சொல்லிக்கொடுத்தும் இருக்கிறேன். எனக்கு வேலை கற்றுக்கொடுத்த அண்ணன் முதல் நாளே ஒன்று சொன்னார்: "ஊத்துறதுக்கு மெஷின் இருக்கு. உனக்குச் சம்பளம் சந்தேகப்படுறதுக்கு." அன்றைக்கு அது புரியவில்லை. புரிந்த அளவுக்கு இங்கே எழுதுகிறேன்.

ஒன்றை மட்டும் முன்னாலேயே சொல்லிவிடுகிறேன். ஒவ்வொரு எண்ணெய் நிறுவனத்துக்கும், ஒவ்வொரு விமான நிறுவனத்துக்கும் கையேடு உண்டு. நான் சொல்வதும் அதுவும் முரண்பட்டால் கையேடு சொல்வதையே செய்யுங்கள். உதாரணத்துக்கு நம் ஊர்களில் அதிகம் பார்க்கும் ஏர்பஸ் ஏ320 விமானத்தையே எடுத்துக்கொள்கிறேன். அதன் டேங்குகளில் மொத்தம் சுமார் 24,000 லிட்டர் பிடிக்கும்.

என்ன ஊற்றுகிறோம்?

ஜெட் விமானங்களுக்குப் போடுவது ஜெட் ஏ-1. இந்தியாவில் ஏடிஎஃப் என்று சொல்வதும் இதைத்தான். அடிப்படையில் நன்றாகச் சுத்திகரித்த மண்ணெண்ணெய். தண்ணீர் போலவோ லேசான வைக்கோல் நிறத்திலோ இருக்கும். சென்னை விமான நிலையத்துக்கு மணலியிலிருந்து குழாய் வழியாகவே வந்து சேர்கிறது. சிறிய ஊர்களுக்கு டேங்கர் லாரியில் போகும்.

இதைப் பற்றி மூன்று எண்கள் மனதில் இருக்க வேண்டும். உறைநிலை மைனஸ் 47 டிகிரி அல்லது அதற்கும் கீழே. தீப்பற்று நிலை, அதாவது பொறி பட்டால் அதன் ஆவி பற்றிக்கொள்ளும் வெப்பம், குறைந்தது 38 டிகிரி. 15 டிகிரி வெப்பத்தில் அடர்த்தி ஒரு லிட்டருக்கு 0.775 முதல் 0.840 கிலோவுக்குள்.

38 டிகிரியைப் பார்த்துவிட்டு, "பெட்ரோல் மாதிரி டக்கென்று பற்றாது" என்று சிலர் அசட்டையாக இருப்பார்கள். பெட்ரோலோடு ஒப்பிட்டால் உண்மைதான். ஆனால் மே மாத மதியத்தில் விமானம் நிற்கும் கான்கிரீட் தளம் 38 டிகிரியைச் சர்வசாதாரணமாகத் தாண்டும். அழுத்தத்தில் மெல்லிய சாரலாகப் பீய்ச்சி அடித்தால், வெயில் இல்லாவிட்டாலும் பற்றும்.

காலை ஜாடி

விமானம் வருவதற்கு வெகு முன்பே வேலை தொடங்கிவிடும். வண்டியின் டேங்க் அடியிலிருந்தும் ஃபில்டர் கலத்தின் அடியிலிருந்தும் எரிபொருளை வடித்துக் கண்ணாடி ஜாடியில் பிடிக்க வேண்டும். அடியிலிருந்து எடுப்பதற்குக் காரணம், தண்ணீர் ஜெட் ஏ-1ஐ விடக் கனமானது. கீழே போய்த் தங்கிவிடும்.

ஜாடியை வெளிச்சத்துக்கு எதிரே பிடியுங்கள். மங்கல் இருக்கக் கூடாது. பளிச்சென்று இருக்க வேண்டும். பிறகு ஜாடியை வட்டமாகச் சுழற்றுங்கள். சுழி உண்டாகி அதன் நடுவில், அடியில், துரு, மணல், நார் என்று எது இருந்தாலும் ஒன்றுகூடும். கலக்காமல் பார்த்தால் கண்ணுக்குத் தெரியாத தூசி, சுழற்றினால் காட்டிக்கொடுத்துவிடும்.

புதியவர்கள் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. ஜாடி முழுக்கத் தண்ணீராகவே இருந்தாலும் அதுவும் பளிச்சென்றுதான் இருக்கும்! எரிபொருளும் தண்ணீரும் சேர்ந்து இருந்தால்தான் நடுவில் கோடு தெரியும். வெறும் தண்ணீரைப் பிடித்துக்கொண்டு "கிளியர்" என்று எழுதிவைக்க வாய்ப்பு உண்டு. அதனால் கண்ணை மட்டும் நம்பாமல் கேப்சூல் சோதனையும் செய்கிறோம். ஊசி போடும் சிரிஞ்சு மாதிரி ஒன்றின் முனையில் மஞ்சள் தாள் வைத்த சின்னக் கேப்சூலை மாட்டி, ஜாடியில் முக்கி 5 மில்லி இழுக்க வேண்டும். கரையாத தண்ணீர் துளி அளவு இருந்தாலும் மஞ்சள் பச்சையாகவோ நீலமாகவோ மாறும். சோதனைக்கு முன்பே கேப்சூலைப் பாருங்கள். காலாவதித் தேதி தாண்டியிருந்தாலோ, ஈரக்காற்றில் கிடந்து ஏற்கெனவே நிறம் மாறியிருந்தாலோ தூக்கிப் போடுங்கள்.

தண்ணீருக்கு இவ்வளவு பயப்படுவது ஏன்? 35,000 அடி உயரத்தில் வெளியே மைனஸ் 50 டிகிரிக்கும் கீழே போகும். இறக்கைக்குள் இருக்கும் எரிபொருள் மணிக்கணக்கில் குளிர்ந்துகொண்டே இருக்கும். அதில் இருக்கும் தண்ணீர் பனிக்கட்டியாகும். 2008 ஜனவரி 17 அன்று பெய்ஜிங்கிலிருந்து வந்த பிரிட்டிஷ் ஏர்வேஸ் போயிங் 777 விமானம், லண்டன் ஹீத்ரோவில் இறங்கும் கடைசி நேரத்தில் இரண்டு இன்ஜினிலும் வேகம் கூடாமல் ஓடுதளத்துக்கு முன்பே தரையில் விழுந்தது. உயிரிழப்பு இல்லை. எரிபொருளில் இருந்த சிறிதளவு நீர் குழாய்களில் பனியாகப் படிந்து, பிறகு மொத்தமாகப் பெயர்ந்து வந்து, எரிபொருளைச் சூடாக்கும் கருவியின் வாயை அடைத்துக்கொண்டது என்பது விசாரணை முடிவு. இத்தனைக்கும் அந்த எரிபொருள் தர வரம்புக்குள்தான் இருந்தது. நல்ல எரிபொருளிலேயே அப்படி என்றால், டேங்க் அடியில் தண்ணீர் தேங்கவிடுகிறவனை என்ன சொல்வது?

தண்ணீர் தேங்கினால் இன்னொரு தொல்லையும் வரும். தண்ணீரும் எரிபொருளும் சந்திக்கும் இடத்தில் பூஞ்சை வளரும். பழுப்பாக, கொழகொழவென்று ஃபில்டரை அடைக்கும். பூஞ்சைக்கு மண்ணெண்ணெய் சாப்பாடு, தண்ணீர் வீடு. வீட்டைக் காலி செய்தால் போதும்.

வண்டியைக் கொண்டுபோய் நிறுத்துவது

பெரிய நிலையங்களில் எரிபொருள் தரைக்கு அடியில் குழாயில் ஓடும். விமானம் நிற்கும் ஒவ்வொரு இடத்திலும் தரையில் மூடி போட்ட ஒரு குழி இருக்கும். அதை ஹைட்ரண்ட் பிட் என்போம். அங்கே போகும் வண்டிக்கு டிஸ்பென்சர் என்று பெயர். அதில் எரிபொருள் இருக்காது. மீட்டரும் ஃபில்டரும் ஹோஸும்தான். தரையடிக் குழாய் இல்லாத இடங்களுக்கு பவுசர் போகும். அது டேங்கையே சுமந்து வரும்.

இன்ஜின் நிற்க வேண்டும், விமானத்தின் சிவப்பு விளக்கு அணைய வேண்டும், சக்கரம் உருளாமல் இருக்க சாக் என்ற தடுப்புக் கட்டை வைக்க வேண்டும். இந்த மூன்றும் நடக்கும் வரை விமானத்தை நெருங்காதீர்கள். அவசரப்படுத்துவார்கள்; அசையாதீர்கள்.

நிறுத்தும்போது வண்டியின் முகம் வெளியே போகும் திசையில் இருக்கட்டும். தீ என்று ஒன்று வந்தால் ரிவர்ஸ் எடுக்காமல் நேராக ஓட்டிக்கொண்டு போக வழி வேண்டும். அந்த வழியில் சாப்பாட்டு வண்டியோ பெட்டி வண்டியோ வந்து நின்றால் நகரச் சொல்லுங்கள். முறைப்பார்கள். பரவாயில்லை.

இறக்கைக்கு அடியில் உயர இடைவெளியையும் பார்த்துக்கொள்ளுங்கள். எரிபொருள் ஏற ஏற விமானம் கனமாகிச் சற்றுக் கீழே இறங்கும். வரும்போது தாராளமாக இருந்த இடைவெளி போகும்போது இருக்காது. ஏணியை இறக்கைக்கு நேர் கீழே மறந்து வைத்துவிட்டு, இறக்கை அதன்மேல் வந்து உட்கார்ந்த கதைகள் இந்தத் தொழிலில் நிறைய உண்டு.

அப்புறம் கூம்புகளை வையுங்கள். இறக்கை நுனியில் காற்றுப்போக்கி இருக்கிறது. டேங்கில் எரிபொருள் ஏறும்போது உள்ளே இருக்கும் ஆவி அதன் வழியாக வெளியேறும். அதைச் சுற்றியும், ஹோஸ் பூட்டும் இடத்தைச் சுற்றியும் குறைந்தது 3 மீட்டருக்குள் செல்போன், தீப்பொறி தரும் எதுவும் கூடாது. பக்கத்தில் இடி மின்னல் என்றால் வேலையே நிற்க வேண்டும்.

முதலில் கம்பி, பிறகுதான் ஹோஸ்

வண்டியிலிருந்து வரும் பாண்டிங் கேபிளை விமானத்தில் அதற்கென்று உள்ள இடத்தில் மாட்ட வேண்டும். பெயிண்ட் அடித்த பாகத்தில் கவ்வவிட்டால் பயனில்லை. உலோகத்தோடு உலோகம் சேர வேண்டும்.

மண்ணெண்ணெய் மின்சாரத்தை லேசில் கடத்தாது. அது குழாயிலும், முக்கியமாக நுண்ணிய ஃபில்டரிலும் வேகமாக ஓடும்போது உராய்வால் மின்னேற்றம் சேரும். கடத்தாத பொருளில் சேர்ந்த மின்னேற்றம் போக வழியில்லாமல் நிற்கும். நைலான் சட்டையைக் கழற்றும்போது 'படபட' என்று பொறி வருமே, அதே சங்கதிதான். எரிபொருளில் கடத்துதிறனைக் கூட்ட ஒரு மருந்து கலக்கிறார்கள். அது போதாதென்றுதான் இந்தக் கம்பி. வண்டியும் விமானமும் ஒரே மின் அழுத்தத்தில் இருந்தால் இரண்டுக்கும் நடுவே பொறி தாவாது. அதனால் வரிசை மாறவே கூடாது: கம்பி முதலில் மாட்டி, கடைசியில் கழற்ற வேண்டும். எரிபொருள் மூடியைத் திறந்த பிறகு கம்பி நினைவுக்கு வந்தால், மூடியை மறுபடி மூடிவிட்டு ஆரம்பத்திலிருந்து தொடங்குங்கள்.

இனி குழி. மூடியைத் திறந்து, பக்கத்தில் கொடியை நட்டுவையுங்கள்; இல்லாவிட்டால் ஏதாவது ஒரு டிராக்டர் வந்து ஏறும். குழிக்குள் உள்ள வால்வில் இணைப்பைப் பூட்டுங்கள். அதோடு ஒரு சிவப்புக் கயிறு இருக்கும். இழுத்தால் வால்வு மூடிவிடும். கயிற்றைக் குழிக்கு வெளியே, தள்ளி நின்று எட்டிப் பிடிக்கும்படி நீட்டிப் போடுங்கள். குழியிலேயே பீய்ச்சி அடிக்கும்போது குனிந்து கயிற்றைத் தேட முடியாது.

ஏ320இல் எரிபொருள் வாய் வலது இறக்கைக்கு அடியில் உயரத்தில் இருக்கிறது. பயணிகள் ஏறுவது இடது பக்கம். அதனால் நமக்கு வலது பக்கம். வண்டியின் தூக்கு மேடையில் ஏறி, மூடியைக் கழற்றி, விமானத்தின் வாயில் இருக்கும் காதுகள் தேய்ந்திருக்கின்றனவா என்று பார்த்துவிட்டு ஹோஸ் முனையைப் பொருத்தித் திருகுங்கள். பூட்டியதும் ஒருமுறை இழுத்துப் பாருங்கள். எத்தனை வருட அனுபவம் இருந்தாலும் இழுத்துப் பாருங்கள்.

ஹோஸை அதன் இடத்திலிருந்து எடுத்தவுடன் வண்டியின் பிரேக் தானாகப் பிடித்துக்கொள்ளும். ஹோஸ் பூட்டியிருப்பதை மறந்து வண்டியைக் கிளப்பியவர்கள் இருந்ததால் வந்த ஏற்பாடு இது. அந்தப் பிரேக்கை மீறுவதற்கு ஒரு சுவிட்ச் இருக்கும், சீல் வைத்து. அந்த சீல் உடைந்திருந்தால், உடைத்தது யார் என்று கேட்காமல் வண்டியை எடுக்காதீர்கள்.

கிலோவா, லிட்டரா?

இந்தப் பகுதியைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள்.

விமானிக்கு வேண்டியது எடை. பறக்கும் தூரத்துக்கான எரிபொருள், அதில் 5 சதவீதம் கூடுதல், இறங்க முடியாமல் போனால் வேறு ஊருக்குப் போக ஒரு பங்கு, அதற்கும் மேல் 30 நிமிடம் சுற்ற ஒரு பங்கு, தரையில் ஊர்ந்து போக ஒரு பங்கு. இதெல்லாம் கூட்டிக் கிலோவில் வரும். நம் மீட்டர் காட்டுவதோ லிட்டர். இரண்டுக்கும் நடுவில் நிற்பது அடர்த்தி.

"எவ்வளவு சார்?" என்று இன்ஜினியரைக் கேட்கிறீர்கள். "ஒன்பது எட்டு" என்கிறார். அதாவது கிளம்பும்போது டேங்கில் மொத்தம் 9,800 கிலோ இருக்க வேண்டும். ஏற்கெனவே 3,200 கிலோ இருக்கிறது. ஏற்ற வேண்டியது 6,600 கிலோ. இன்றைய அடர்த்தி 0.785 என்றால், 6,600ஐ 0.785ஆல் வகுக்க வேண்டும். வருவது சுமார் 8,408 லிட்டர்.

"மொத்தமா, கூடுதலா?" என்று தயங்காமல் திருப்பிக் கேளுங்கள். "ஒன்பது எட்டு" என்பதை ஏற்ற வேண்டிய அளவு என்று எடுத்துக்கொண்டால் 3 டன்னுக்கு மேல் அதிகமாகப் போய்விடும். ஏற்றினதை இறக்குவது ஏற்றுவதைவிடப் பெரிய தலைவலி.

அடர்த்தியும் நாளுக்கு நாள், வேளைக்கு வேளை மாறும். ஒரு டிகிரி சூடு ஏறினால் லிட்டருக்கு ஏறத்தாழ 0.7 கிராம் குறையும். விடியற்காலைக்கும் மதியத்துக்கும் 10 டிகிரி வித்தியாசம் என்றால், 8,000 லிட்டரில் 56 கிலோ. சின்னத் தொகைதான். ஆனால் நேற்றைய சீட்டைப் பார்த்து எழுதும் பழக்கம் அங்கேதான் தொடங்குகிறது.

இந்தக் கணக்கு தவறினால் என்ன ஆகும் என்பதற்கு உலகம் அறிந்த உதாரணம் ஏர் கனடாவின் 143ஆம் விமானம். 1983 ஜூலை 23. புத்தம் புதிய போயிங் 767. அந்த நிறுவனத்தில் கிலோவில் கணக்குப் பார்க்கும் முதல் ரக விமானம் அது. மற்றவை எல்லாம் பவுண்டில். அன்றைக்கு எரிபொருள் அளவுகாட்டி வேறு வேலை செய்யவில்லை. அதனால் டேங்கில் அளவுகோல் விட்டுப் பார்த்தார்கள்: 7,682 லிட்டர். தேவை 22,300 கிலோ. லிட்டரைக் கிலோவாக மாற்ற 0.80 என்ற எண்ணால் பெருக்கியிருக்க வேண்டும். பெருக்கியதோ 1.77ஆல். அது லிட்டரைப் பவுண்டாக்கும் எண். 13,597 'கிலோ' இருப்பதாகக் காகிதம் சொன்னது. உண்மையில் இருந்தது 6,200 கிலோவுக்கும் குறைவு. 20,000 லிட்டருக்கு மேல் ஏற்ற வேண்டிய இடத்தில் 4,916 லிட்டர் ஏற்றி அனுப்பினார்கள்.

பாதி வழியில், நடு வானத்தில், அடுத்தடுத்து இரண்டு இன்ஜினும் நின்றன. கேப்டன் பாப் பியர்சன் கிளைடர் ஓட்டிப் பழகியவராக இருந்தது 69 பேரின் அதிர்ஷ்டம். கிம்லி என்ற ஊரில் கைவிடப்பட்ட விமானப்படைத் தளத்தில் கொண்டுவந்து இறக்கினார். அந்த ஓடுதளத்தில் அப்போது கார் பந்தயக்காரர்கள் கூடியிருந்தார்கள். யாரும் சாகவில்லை.

கணக்கைப் பலர் பார்த்தார்கள். எல்லோரும் பெருக்கலைச் சரிபார்த்தார்கள். பெருக்கல் சரியாகத்தான் இருந்தது. 1.77 எங்கிருந்து வந்தது என்று யாரும் கேட்கவில்லை. ஜெட் ஏ-1 தண்ணீரைவிட லேசு. ஒரு லிட்டர் ஒருபோதும் ஒரு கிலோவைத் தாண்டாது. இந்த ஒரு வரி மனதில் இருந்தால் 1.77ஐப் பார்த்த மாத்திரத்தில் கை நின்றிருக்கும். கால்குலேட்டரைத் தொடும் முன் மனக்கணக்காக ஒரு தோராயம் போட்டுவிடுங்கள்: கிலோவில் கால் பங்கைக் கூட்டினால் ஏறக்குறைய லிட்டர். 6,600 கிலோ என்றால் 8,250 சொச்சம். கால்குலேட்டர் 8,408 என்றால் சரி. 3,700 என்றால் எங்கோ பவுண்டு நுழைந்துவிட்டது.

ஓடவிடுவது

இறக்கைக்கு அருகில், விமானத்தின் பக்கவாட்டில் ஒரு சிறிய பலகை இருக்கும். அதில் வேண்டிய மொத்த அளவைக் கிலோவில் அமைத்துவிட்டால் வால்வுகள் தாமாகத் திறந்து, அளவு வந்ததும் மூடிக்கொள்ளும். அந்தப் பலகையை யார் தொடலாம் என்பது நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். உங்களுக்கு அனுமதி இல்லையென்றால் தொடவே தொடாதீர்கள்.

முதலில் நிரம்புவது இறக்கையின் டேங்குகள். நடு உடலில் உள்ள டேங்க் கடைசியில்தான். பறக்கும்போது காற்று இறக்கையை மேல்நோக்கி வளைக்கும். அதற்குள் இருக்கும் எரிபொருளின் எடை கீழ்நோக்கி அழுத்தும். ஒன்றை ஒன்று ஈடுகட்டுவதால் இறக்கையின் வேரில் விழும் பளு குறைகிறது. பறக்கும்போது பாருங்கள், முதலில் நடு டேங்க்தான் காலியாகும்.

இப்போது அந்தப் பொத்தான். அதற்கு டெட்மேன் என்று பெயர். பிடித்துக்கொண்டே இருந்தால்தான் எரிபொருள் ஓடும். கை தளர்ந்தால் நின்றுவிடும். வெறுமனே அழுத்திக்கொண்டும் இருக்க முடியாது. சில நிமிடங்களுக்கு ஒருமுறை விட்டுவிட்டு மறுபடி அழுத்த வேண்டும், நீங்கள் விழித்திருக்கிறீர்கள் என்று அதற்குத் தெரிவதற்கு. இதைக் கயிறு போட்டுக் கட்டுவது, ஏணிக்கட்டையில் செருகி வைப்பது போன்ற வித்தைகளை யாராவது உங்களுக்கு அன்பாகச் சொல்லிக்கொடுப்பார்கள். அவரிடமிருந்து வேறு எதையும் கற்றுக்கொள்ளாதீர்கள்.

முனையில் அழுத்தம் 50 பி.எஸ்.ஐ.யைத் தாண்டக் கூடாது. அந்த அழுத்தத்தில் நிமிடத்துக்கு ஆயிரம் லிட்டர் அளவில் போகும். பங்கில் உங்கள் காருக்கு வருவது நிமிடத்துக்கு 40 லிட்டருக்குள்தான். எட்டு நிமிடத்தில் வேலை முடிந்துவிடும் என்பதால் கண்ணை அங்கே இங்கே விடாதீர்கள். முக்கியமாகப் பார்க்க வேண்டியது ஃபில்டரின் இரு பக்க அழுத்த வித்தியாசத்தைக் காட்டும் கடிகாரம். நாள்பட நாள்பட அது மெல்ல ஏறினால் ஃபில்டரில் அழுக்கு சேர்கிறது, இயல்பு. திடீரென்று ஏறினால் ஏதோ கெட்டது வந்திருக்கிறது. திடீரென்று இறங்கினாலோ இன்னும் மோசம், ஃபில்டர் கிழிந்திருக்கலாம். இறங்கினால் நல்லதுதானே என்று நினைத்து விட்டுவிடுகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

ஃபில்டரே எதிரியான கதையும் உண்டு. 2010 ஏப்ரல் 13 அன்று இந்தோனேசியாவின் சுரபயாவிலிருந்து ஹாங்காங் போன கேத்தே பசிபிக் ஏ330. சுரபயாவில் தரையடிக் குழாயை நீட்டிக்கும் வேலை நடந்தபோது உப்புத் தண்ணீர் குழாய்க்குள் புகுந்திருந்தது. வண்டியிலிருந்த ஃபில்டர்களுக்குள் தண்ணீரை உறிஞ்சிப் பருத்துவிடும் பொருள் இருக்கும், குழந்தைகளின் டயப்பரில் இருப்பதைப் போல. உப்புத் தண்ணீர் பட்டு அந்தப் பொருளே நுண்ணிய உருண்டைகளாக எரிபொருளோடு விமானத்துக்குள் போனது. ஹாங்காங்கை நெருங்கும்போது ஒரு இன்ஜின் அதிக வேகத்திலும் இன்னொன்று குறைந்த வேகத்திலும் அப்படியே சிக்கிக்கொண்டன. மணிக்கு 420 கிலோமீட்டருக்கும் மேலான வேகத்தில் தரையிறங்கி, டயர்கள் வெடித்து, எப்படியோ நின்றது. உள்ளே இருந்த 322 பேரும் பிழைத்தார்கள். அதற்குப் பிறகுதான் அந்த ரக ஃபில்டர்களைப் படிப்படியாக விலக்கும் வேலை தொடங்கியது.

பயணிகள் உள்ளே இருக்கும்போதே ஏற்றுவதும் உண்டு. அப்போது விமானத்துக்குள் "சீட் பெல்ட்டைக் கழற்றி வையுங்கள்" என்று அறிவிப்பார்கள். வழக்கமாகப் போடச் சொல்கிறவர்கள் இப்போது மட்டும் ஏன் கழற்றச் சொல்கிறார்கள் என்று யோசித்திருக்கிறீர்களா? எழுந்து ஓட வேண்டி வந்தால் ஒரு நொடியும் வீணாகக் கூடாது. அதே காரணத்துக்காகப் படிக்கட்டோ பாலமோ வாசலில் தயாராக இருக்க வேண்டும். அவசர வழுக்குப் பலூன் விரியும் இடத்தில் நம் வண்டி நிற்கக் கூடாது.

முடிப்பது

போன வழியே திரும்புங்கள். இறக்கை ஹோஸ், விமானத்தின் மூடி, பலகையின் கதவு, குழி இணைப்பு, குழி மூடி, கொடி, கடைசியாகக் கம்பி. வண்டியில் ஏறும் முன் விமானத்தையும் வண்டியையும் ஒரு சுற்று நடந்து பாருங்கள்.

மீட்டர் காட்டும் லிட்டரை அடர்த்தியால் பெருக்குங்கள். விமானத்தின் அளவுகாட்டி எத்தனை கிலோ ஏறியதாகச் சொல்கிறதோ, அதோடு ஒப்பிடுங்கள். சின்ன வித்தியாசம் எப்போதும் இருக்கும். நிறுவனம் சொல்லும் வரம்பைத் தாண்டினால் கையெழுத்து வாங்காதீர்கள், போடாதீர்கள். விமானம் தாமதமானால் ஆகட்டும்.

சின்ன விமானங்கள்

பயிற்சிப் பள்ளிகளில் உள்ள செஸ்னா மாதிரி பிஸ்டன் இன்ஜின் விமானங்களில் பல, ஏவ்காஸ் என்ற பெட்ரோல் வகையில் ஓடும். பரவலாகக் கிடைக்கும் 100எல்எல் வகைக்கு நீலச் சாயம் போட்டிருப்பார்கள். அங்கே அழுத்தத்தில் ஏற்றுவதில்லை. இறக்கை மேல் மூடியைத் திறந்து, பங்க் மாதிரியே ஊற்றுவோம்.

அங்கே நடக்கும் பெரிய தப்பு, ஏவ்காஸ் விமானத்தில் ஜெட் ஏ-1 ஊற்றுவது. கொடுமை என்னவென்றால் இன்ஜின் ஸ்டார்ட் ஆகும். குழாயில் மிச்சமிருக்கும் பெட்ரோலில் ஓடி, மேலே கிளம்பிய பிறகு தட்டித் தட்டி நிற்கும். அதைத் தடுக்கத்தான் ஜெட் எரிபொருள் முனையை வாத்து அலகு மாதிரி அகலமாகச் செய்கிறார்கள், பெட்ரோல் டேங்கின் சின்ன வாயில் நுழையாதபடி. நுழையவில்லை என்று யாராவது குறுகலான முனையை மாட்டினால், அன்றைக்கு அந்தப் பாதுகாப்பு செத்தது. சந்தேகம் வந்தால் வெள்ளைத் தாளில் ஒரு சொட்டு விடுங்கள். ஏவ்காஸ் ஆவியாகிப் போய்விடும். ஜெட் ஏ-1 பஜ்ஜி வைத்த தாள் மாதிரி எண்ணெய்க் கறை விடும்.

ராக்கெட்டுக்கு?

பையன்கள் கட்டாயம் கேட்கும் கேள்வி என்பதால் சுருக்கமாக. ஸ்ரீஹரிகோட்டாவில் கிரையோஜெனிக் கட்டத்துக்குப் போடும் திரவ ஹைட்ரஜன் மைனஸ் 253 டிகிரி, திரவ ஆக்சிஜன் மைனஸ் 183 டிகிரி. நிரப்ப நிரப்ப ஒரு பக்கம் கொதித்து ஆவியாகிக்கொண்டே இருக்கும். அதனால் முன்கூட்டியே நிரப்பி வைக்க முடியாது. கவுண்ட்டவுனின் பிற்பகுதியில் நிரப்பி, ஆவியானதை ஈடுகட்டிக்கொண்டே இருக்க வேண்டும். கீழ்க்கட்டங்களுக்குப் போடும் திரவங்களோ ஒன்றை ஒன்று தொட்டாலே பற்றும், நஞ்சும்கூட. 2013 ஆகஸ்ட் 19 அன்று ஜிஎஸ்எல்வி-டி5 கிளம்ப 74 நிமிடம் இருக்கும்போது இரண்டாம் கட்டத்தில் எரிபொருள் கசிந்தது. கவுண்ட்டவுனை நிறுத்தி, எல்லாவற்றையும் இறக்கி, அந்தக் கட்டத்தையே மாற்றி 2014 ஜனவரி 5 அன்றுதான் ஏவினார்கள். கையெழுத்து போட மறுப்பது என்றால் இதுதான்.

விண்வெளியிலும் எரிபொருள் நிரப்புகிறார்கள். 1978 தொடக்கத்தில் சோவியத்தின் ஆளில்லா புரோகிரஸ் கலம் சல்யூட் 6 நிலையத்துக்கு முதன்முதலாக ஏற்றியது. எடையில்லாத இடத்தில் திரவம் டேங்கின் அடியில் தங்காது, மிதக்கும். அதனால் டேங்குக்குள் மடிந்து விரியும் தடுப்பை வைத்து, மறுபக்கம் வாயுவால் தள்ளுகிறார்கள். ஜாடியில் அடித் தண்ணீர் பார்க்கும் வேலை அங்கே நடக்காது.

கசிந்தால், மேலே பட்டால்

கசிவைப் பார்த்ததும் முதலில் டெட்மேனை விடுங்கள். நிற்கவில்லையா, சிவப்புக் கயிற்றை இழுங்கள். அப்போதும் நிற்கவில்லையென்றால் தளத்தில் இருக்கும் அவசர நிறுத்தப் பொத்தானை அடியுங்கள். இந்த வரிசையைத் தினமும் விமானம் வரும் முன் ஒருமுறை மனதுக்குள் ஓட்டிப் பாருங்கள்; பொத்தான் எந்தத் தூணில் இருக்கிறது என்பதையும் சேர்த்து. பிறகு தீயணைப்புக்குச் சொல்லுங்கள். வண்டியைக் கிளப்ப முயலாதீர்கள், சாவியைத் திருகும் பொறியே போதும்.

உடம்பில் கொட்டிவிட்டால் எல்லோரும் செய்யும் முதல் காரியம் சட்டையைக் கழற்றுவது. அதைச் செய்யாதீர்கள். நனைந்த துணியை உடம்பிலிருந்து உரிக்கும்போது முன்பு சொன்ன அந்தப் படபடப் பொறி வரும். முதலில் தண்ணீரை மேலே ஊற்றி நன்றாக நனைத்துக்கொள்ளுங்கள், அப்புறம் கழற்றுங்கள், சோப்புப் போட்டுக் கழுவுங்கள். கண்ணில் பட்டால் கழுவிக்கொண்டே மருத்துவ அறைக்குப் போங்கள். அந்தத் துணியை வீட்டுக்குக் கொண்டுபோய் மற்ற துணிகளோடு வாஷிங் மெஷினில் போட வேண்டாம். நான் ஒருமுறை போட்டேன். ஒரு வாரம் வீட்டில் எல்லோர் மேலும் மண்ணெண்ணெய் வாசம்.